ஆனைக்கண் ஆட்டுக்குட்டி

ராஜையன் செய்கிற வேலை கண் போடுவது. கேட்கிறவர்கள் முதலில் ஏதோ ஆஸ்பத்திரி வேலை என்றுதான் நினைப்பார்கள்.

நேமத்தில் ரயில் பாதையை ஒட்டி ஷாஜியின் தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே மர ஆனைகள் செய்கிறார்கள். ஒரே ஆள் ஒரு ஆனையை முழுக்கச் செய்து முடிப்பது அங்கே வழக்கமில்லை. ஷாஜி மரத்தை அறுத்து உருப் பிரித்துக் கொடுப்பான். ஒருவர் உடம்பும் துதிக்கையும் கொத்துவார். இன்னொருவர் காலும் காதும். எல்லாம் முடிந்து கடைசியாக ராஜையனின் பலகைக்கு வந்து சேரும். கண்ணும் கால் நகமும் அவர் பொறுப்பு. அவர் கையை விட்டு இறங்கினால் பெண்கள் இருக்கும் பக்கம் போகும். அவருடைய மனைவி தாசம்மாள்தான் அந்தப் பக்கத்துக்கு மூத்தவள். உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, துணியால் மினுக்கி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள்.

கண் போடுகிறவரைக்கும் அதைக் கட்டை என்றுதான் அங்கே சொல்வார்கள். அந்தக் கட்டையை இங்கே எடு, இந்தக் கட்டையில் வெடிப்பு இருக்கிறது என்பார்கள். வெடித்த கட்டையை மதியக் கஞ்சிக்கு அடுப்பில் வைத்துவிடுவார்கள். கண் போட்டுவிட்டால் பிறகு அது ஆனை. துதிக்கை ஒடிந்தாலும் காது தெறித்தாலும் யாரும் அதைத் தீயில் வைக்க மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை, ஆனால் மீறினவர்களும் இல்லை. கொட்டகையின் பின்சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்திருக்கும். மூக்கறுந்ததும் கால் ஒடிந்ததுமாக ஊனப்பட்ட ஆனைகளெல்லாம் அதில் வரிசையாய் நிற்கும். ஷாஜி அந்தப் பலகைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தான்.

ராஜையன் பாறசாலைக்குக் கிழக்கே பிறந்தவர். அஞ்சாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடம். கொட்டகைக்கு முதலில் மரத் தடி சுமக்க வந்தார். அப்போது ஷாஜியின் தகப்பனார் நடத்திக்கொண்டிருந்தார். கண் போடுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். கோவளத்துக் கடைகளுக்கு ஆனை போக வேண்டிய நேரம். "யாராவது போடுங்கடே" என்று முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ராஜையன் ஒரு உளியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அந்த முதல் ஆனை பாம்பைக் கண்டு பயந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் கண் என்று ஒன்று இருந்ததால் முதலாளி பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். அதுமுதல் இன்றுவரை ராஜையன் அதே பலகையில்தான் இருக்கிறார். தாசம்மாளைக் கண்டதும் அங்கேதான், கல்யாணம் பேசினதும் அங்கேதான்.

கண்ணில் உளி வைக்கிறதற்கு முன்னால் ஒரு நொடி கண்ணை மூடி, "ஆண்டவரே, கை பிசகாம பாத்துக்கிடும்" என்பார். பிள்ளையார் உருவம் செய்யச் சொல்லி வந்தாலும் இதே ஜெபம்தான்.

"அண்ணே, பிள்ளையாருக்குக் கண்ணு போட யேசுவ கூப்பிடுதீங்களே, ரெண்டு பேருக்கும் சண்டை வராதா?" என்று ஷாஜி வம்புக்கு இழுப்பான்.

"அவிய எல்லாம் நம்மள மாதிரி இல்லடே" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார்.

அவர் கண் போட்ட ஆனைகள் போகாத இடமில்லை. கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போனார்கள். பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றுக் கடையில் வாங்கினார்கள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீசுகளில் யாராவது வேலையை விட்டுப் போனால் கையில் ஒரு ஆனையைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அத்தனையும் போனது போனதுதான். எந்த வீட்டு அலமாரியில் நிற்கிறது, குழந்தைகள் காதைப் பிடித்துத் தூக்குகிறார்களா, தூசி துடைக்கிறார்களா, ஒன்றும் ராஜையனுக்குத் தெரியாது. வீட்டில் அவர் செய்த சாமான் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதும் இல்லை.

போன இடவப்பாதியில், பருவமழை தொடங்குகிற சமயம், ராஜையன் போகிற சபையின் வளாகத்தில் நின்ற பலாமரம் சாய்ந்தது. பெரிய மரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சனங்கள் அதன் நிழலில் நின்றுதான் ஊர்க்கதை பேசுவார்கள். கோயில் சுவரைத் தொடாமல் ரோட்டுப் பக்கமாக விழுந்ததே தேவகிருபை. அந்த மரத்திலேயே புதிய பிரசங்க பீடம் செய்வது என்று கமிட்டியில் தீர்மானம் ஆனது. ஆசாரி வந்து பீடத்தைச் செய்து முடித்தார். முன்முகத்தில் மட்டும் ஒரு சதுரம் வெறுமையாய் இருந்தது.

சபைச் செயலாளர் ஜெயஷீலா மின்சார ஆபீசில் வேலை பார்க்கிறவள். கூட்டத்தை இழுக்காமல் முடிக்கிறதில் கெட்டிக்காரி. "அந்த இடத்துக்கு சாலையில இருந்து ஒரு பித்தளைக் குருசு வாங்கி வச்சிரலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றாள். சாலைக் கடைத்தெருவில் நல்ல குருசுகள் கிடைக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் ராஜையன் எழுந்து நின்றார். அவர் கமிட்டியில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் யாருக்கோ மயக்கம் வந்துவிட்டதோ என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு காரியம் சொல்லணும். அந்த சதுரத்தில ஒரு ஆட்டுக்குட்டி நான் செஞ்சு தாறேன்."

"மாமா, நீங்க கண்ணு மட்டும்லா போடுவீங்க?" என்று ஜெயஷீலா கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். ஆனாலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

"முழுசும் செய்வேன் மக்களே. இத்தற காலம் செஞ்சதெல்லாம் கண்ணுக்கு மறைவா போயிட்டு. ஒண்ணாவது நான் பாக்குற இடத்தில இருக்கட்டு."

ஜெயஷீலா மாதிரிச் சின்னவர்கள் எல்லாருமே அவருக்கு மக்களேதான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போதகர் "செய்யட்டுமே" என்றார். அறுப்பின் பண்டிகை அன்று பீடத்தைப் பிரதிஷ்டை செய்வது, முந்தின நாள் சனிக்கிழமை கமிட்டி வந்து ஆட்டுக்குட்டியைப் பார்ப்பது, சரியாக வராவிட்டால் பித்தளைக் குருசு என்று முடிவானது. மரத்தில் மிச்சமிருந்த ஒரே அகலப் பலகையை ராஜையன் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நல்ல கனமுள்ள பலகை, உள்ளே மஞ்சள் நிறம்.

வீட்டுப் பின்புறம் ஷீட் போட்ட சார்ப்பில் வேலை நடந்தது. கொட்டகையில் இருந்து வந்து காப்பி குடித்ததும் உட்கார்ந்துவிடுவார். மாதிரிக்கு ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒரு படத்தை வைத்துக்கொண்டார். சுருள் சுருளாகக் கம்பளி, பச்சைப் புல், அதன்மேல் நிற்கிற வெள்ளை ஆட்டுக்குட்டி. பலகையில் இருந்து பாதி வெளியே வருகிற மாதிரி, முகம் சபையைப் பார்க்கிற மாதிரி செய்தார். முழு உருவம் அவர் கைக்குப் புதிது. எங்கே தொடங்குவது என்று முதல் இரண்டு நாள் தடுமாறினார். பிறகு கை தானாக ஓடத் தொடங்கியது. கை ஓடினபோது அவருக்கு ரொம்பச் சந்தோஷம். கை எங்கே ஓடுகிறது என்று அவர் கவனிக்கவில்லை.

வழக்கப்படி கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் ஜெபம் பண்ணி, வளைந்த உளியால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, இமைக்கடியில் மெல்லிசாய் இரண்டு சுருக்கம் போட்டு முடித்தார்.

"தாசம்மா, வா, தேய்ச்சுப் பாரு" என்று கூப்பிட்டார்.

தாசம்மாள் உப்புத்தாளோடு வந்து உட்கார்ந்தாள். தேய்க்கிறபோது அவள் சாமானைப் பார்க்கமாட்டாள். கொட்டகையில் பேசிக்கொண்டே, ரயிலைப் பார்த்துக்கொண்டே தேய்த்துப் பழகினவள். விரல் முன்னால் போய்த் தடவும், தாள் பின்னால் போகும். இப்போதும் அடுப்பில் வைத்த குழம்பின்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே தேய்த்தாள். முதுகு, கழுத்து, நெற்றி. கண்ணுக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி தடவினாள். அடுத்த கண்ணையும் தடவினாள்.

"இஞ்ச கேளுங்க. கோவப்படக் கூடாது."

"என்னடி?"

"இது ஆனைக்கண்ணு."

"ஒனக்கு எப்பவும் ஆனை நெனப்புதான். கண்ணைத் தொறந்து பாரு, ஆட்டுக்குட்டி."

"நான் சொல்லல்ல. எனக்க வெரலு சொல்லுது. தெனமும் தேய்க்கப்பட்ட கண்ணு எனக்குத் தெரியாதா?"

ராஜையன் எழுந்து முற்றத்தின் கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். கிட்டே உட்கார்ந்து பார்த்தபோது தெரியாதது தூரத்தில் தெரிந்தது. தூண் மாதிரி நாலு கால். முறம் மாதிரி விரிந்த காது. நெற்றியில் இரண்டு மேடு. சுருக்கம் விழுந்த வயதான கண். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு காலிலும் வட்ட வட்டமாக நகம். நகத்தை எப்போது போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. துதிக்கை ஒன்றுதான் குறைச்சல்.

தாசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"சாரமில்ல, போனாப் போவுது. வேற பலகையில செய்யலாம்" என்றாள்.

"வேற பலகை எங்க இருக்கு? அந்த மரம் முடிஞ்சுபோச்சு. கடையில மரம் வாங்கி வச்சா அது நம்ம பலாவா? கண்ணும் போட்டாச்சு. இனி இதத் தள்ள முடியுமா?"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கொட்டகையில் இருந்தவள், அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் ஆபீசு விட்டு வருகிற வழியில் ஜெயஷீலா எட்டிப்பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு சார்ப்புக்கு வந்து, குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"நல்ல... வேலைப்பாடா இருக்கு மாமா."

"உள்ளதச் சொல்லு மக்களே."

"தும்பிக்கை ஒடிஞ்சுபோச்சோன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டாள். "சங்கடப்படாதீங்க மாமா. சனிக்கிழமைக்குள்ள ஏதாவது செய்ய முடிஞ்சா பாருங்க. இல்லேன்னா குருசு வைப்போம். அதுவும் ஆண்டவருக்க அடையாளம்தானே?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. குருசு வைத்தாலும் ராஜையன் அதற்கு முன்னால் முழங்கால் போடத்தான் போகிறார். ஆனால் அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் பார்க்கிற இடத்தில் ஒன்றே ஒன்று இருக்கவேண்டும் என்று வாய்திறந்து கேட்டார், சபை கொடுத்தது, அதைக் கை கெடுத்துவிட்டது.

காலையில் ஷாஜிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்தி உள்ளே வந்து பார்த்தான்.

"அய்யோ அண்ணே! ஆஸ்பத்திரிக்கு ஒரு புதிய அட்மிஷன்!" என்று சிரித்தான். பிறகு அவனும் பக்கத்தில் குந்தினான். "நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க செம்மறியாட்டப் பாத்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? பொறந்தது முதல் பாட்டுப் படிக்கேன்."

"பாட்டில இல்ல. நேரில."

ராஜையன் யோசித்தார். இந்த ஊரில் வெள்ளாடு உண்டு. வீட்டுக்கு வீடு கட்டியிருப்பார்கள், வாழை இலையைக் கடிக்கும், அடி வாங்கும். செம்மறி இங்கே யாரும் வளர்ப்பதில்லை. ஒருமுறை திருநெல்வேலிக்குப் போகும்போது வள்ளியூர்ப் பக்கம் பஸ் ஜன்னல் வழியாக ஒரு மந்தையைக் கண்டிருக்கிறார். அதுவும் புழுதிதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்டுக்குட்டியைத் துதித்துப் பாடியவர் ஒரு ஆட்டுக்குட்டியையும் தொட்டதில்லை.

"பின்னே கை எங்க போவும்? தெரிஞ்ச எடத்துக்குத்தான் போவும்" என்றான் ஷாஜி. "நம்ம வேல்சாமிகிட்டச் சொல்லுங்க. அவன் ஆட்டுக்காரக் குடும்பம்."

வேல்சாமி சாலைக் கடைத்தெருவில் சுமை ஏற்றி இறக்குகிறவன். சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். கொட்டகைக்கு மெழுகும் உப்புத்தாளும் அவன்தான் வண்டியில் கொண்டுவந்து போடுவான். அன்று மத்தியானம் வந்தவனை ராஜையன் வீட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

வேல்சாமி ஒருநிமிஷம் உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, ஆட்டுக்கு நகம் வச்சிருக்கீயளே! நெயில் பாலீசும் போட்டு விடுவமா?"

"சிரிச்சு முடிச்சியானா விஷயத்துக்கு வா."

"எங்க அய்யா வயக்காட்டில ஆட்டுக் கெடை போட்டவரு. நான் நடக்கப் படிச்சதே ஆட்டுக்குப் பின்னாலதான். வாயால சொன்னா ஒங்களுக்கு வெளங்காது. வெள்ளிக்கெழம விடியக்காலம் சாலைக்கு வாங்க. ஞாயித்துக்கெழமக் கறிக்கு எங்க ஊருப் பக்கமிருந்து லாரியில ஆடு எறங்கும். தொட்டுப் பாருங்க."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ராஜையன் கிழக்கேக்கோட்டையில் இறங்கினார். சாலையில் அரிசிக் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு கறிக்கடைக்குப் பின்புறம் கம்பிவேலி போட்ட சிறு இடத்தில் ஆடுகள் நின்றன. வேல்சாமி முன்னாலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பார்த்ததும் ராஜையனுக்கு ஏமாற்றமாக இருந்தது. "சுருளு மயிரு எங்கடே? வெள்ளையாவும் இல்லையே. மாட்டுக்கன்னு மாதிரில்லா இருக்கு."

"படத்தில இருக்கது வெள்ளைக்காரன் ஆடு. நம்ம வெயிலுக்குக் கம்பளி எதுக்கு? நம்ம ஆடு இப்படித்தான், செவலையா, வழுவழுன்னு இருக்கும்."

வேலிக்குள் போனார்கள். ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தன. ஓரத்தில் ஒரு குட்டி மட்டும் படுத்திருந்தது. லாரிப் பயணத்தில் களைத்துப்போயிருந்தது. ராஜையன் அதன் பக்கத்தில் முழங்கால் போட்டு, தாசம்மாள் செய்கிற மாதிரி விரலை முதலில் விட்டார். நெற்றியில் மேடு இல்லை, மூக்குவரை ஒரே சரிவு. காது விசிறி இல்லை, வெற்றிலை மாதிரி கீழே தொங்கியது. கால் எவ்வளவு மெலிசு! முன்னங்காலை உள்ளே மடக்கி அதன்மேல் நெஞ்சை வைத்திருந்தது. குளம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. கண்ணில் மணி வட்டமாக இல்லை, படுக்கைவசமாக ஒரு கோடு. இப்படி ஒரு கண்ணை எப்படிச் செதுக்குவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குட்டி அசைபோடத் தொடங்கியது. வாய் ஒரு பக்கமாய் அசைய அசைய இமை இறங்கியது. தெரியாத ஆளின் கை தன் தலையில் இருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டது.

"வேணுமா, வெட்டணுமா?" என்று கறிக்கடைக்காரர் கதவில் இருந்து கேட்டார். "பத்து மினிட்டா ஆசீர்வாதம் பண்ணிட்டு நிக்கான்."

"பாக்கத்தான் வந்தோம்ணே" என்றான் வேல்சாமி.

"பாக்குறதுக்கு மிருகசாலைக்குப் போங்க."

ராஜையன் எழுந்தார். வேட்டியில் புழுக்கை ஒட்டியிருந்ததைத் தட்டிக்கூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு என்று வேல்சாமி சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி ஒருமுறை குட்டியைப் பார்த்துவிட்டு நடந்தார்.

அன்று கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டார். சார்ப்பில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மரத்தில் எடுக்கலாமே தவிர ஒட்டமுடியாது. தடிமனாகச் செய்ததில் இப்போது ஒரு நன்மை இருந்தது. எடுக்கிறதற்கு மரம் இருந்தது. நிற்கிற ஆட்டைப் படுக்க வைத்துவிடலாம். தூண் கால்களின் மேல்பாதியை மடக்கிய முழங்காலாக்கி, கீழ்ப்பாதியைப் புல்லாக்கலாம். நகமெல்லாம் புல்லோடு போய்விடும். கம்பளிச் சுருளைச் சீவி எடுத்தால் வழுவழுப்பான முதுகு வந்துவிடும். நெற்றி மேட்டை இறக்கலாம், காதைச் சுருக்கித் தொங்கவிடலாம். எல்லாவற்றுக்கும் வழி தெரிந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஆனைக்கண் ஆழமாகக் குழிந்து நின்றது. அதைச் சுற்றிச் சீவி, குழியின் அடிவரைக்கும் முகத்தையே உள்ளே இறக்கினால்தான் அது மறையும். இறக்கினபின் திறந்த கண் போட அங்கே மரம் போதாது. மெல்லிசாக ஒரு மூடின இமை போடலாம். காலையில் பார்த்த குட்டியின் இமை மாதிரி. ஆனால் கண்ணைத் திறக்கிறதுதான் அவர் தொழில். திறந்த கண் இல்லாதது கட்டை. கட்டையைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய ஆலயத்தில் வைப்பதா?

தாசம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தட்டைக் கீழே வைத்தாள்.

"நம்ம மக சின்னப் பிள்ளையில மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தாளே, நெனவிருக்கா? நாலாம் நாளோ என்னமோ வேர்வை விட்டு ஒறங்கினா. அன்னைக்கு நீங்க கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து என்ன சொன்னீங்க?"

"ஸ்தோத்திரம்னு சொன்னேன்."

"கண்ணு மூடித்தானே கெடந்தா? கட்டைன்னா சொன்னீங்க? கஞ்சி ஆறுது, குடிங்க."

அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு உளியை எடுத்தார்.

வெள்ளி முழுக்கவும் சனிக்கிழமை பாதியும் வேலை நடந்தது. பலாவில் நார் ஒருபக்கம் ஓடி சட்டென்று மறுபக்கம் திரும்பும். இடது காதில் அப்படித்தான் உளி வழுக்கி ஓரம் தெறித்தது. தெறித்த ஓரத்துக்கு ஏற்ப அந்தக் காதை இன்னும் கொஞ்சம் கீழே தொங்கவிட்டார். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. பிறகு கண்ணுக்கு வந்தார். வழக்கமான ஜெபத்தைச் சொன்னார். தான் போட்ட கண்ணைத் தானே சீவி எடுத்தார். மெல்லிய இரண்டு இமைக்கோடு மட்டும் இழுத்தார். கீழே சுருக்கம் போடக் கை போனது. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

தாசம்மாள் தேய்க்க வந்தாள். அவர் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் போனது, கழுத்தில் போனது, தொங்கின காதைச் சுற்றி வந்தது, கண்ணுக்கு வந்து நின்றது.

"என்னட்டி?"

"இது என்னதுன்னு எனக்குத் தெரியல்ல" என்றாள். "இதுவரை தேய்க்காத கண்ணு."

சாயங்காலம் கமிட்டி வந்தது. ஜெயஷீலா முன்னால் நின்றாள். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஷாஜி யாரும் அழைக்காமலே வந்து கதவோரம் நின்றான்.

"கம்பளி எங்க மாமா?" என்று ஜெயஷீலா கேட்டாள். "அந்தப் படத்தில இருந்துதே?"

"அது தூர தேசத்து ஆடு. இது நம்ம பக்கத்து ஆடு மக்களே. கம்பளி கிடையாது."

ஒரு கமிட்டிக்காரர், "கண்ணு மூடியிருக்கே, செத்த ஆடுன்னு நெனச்சிர மாட்டாங்களா?" என்றார். ஜெயஷீலா குனிந்து, கை வைக்கலாமா என்று ராஜையனைப் பார்த்துவிட்டு, ஆட்டின் முதுகில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"செத்ததுன்னா தலை இப்படி நிக்காது" என்றாள். "இது ஒறங்குது. குருசு வாங்க வேண்டாம், அல்லியா?"

"வேண்டாம்" என்றார் போதகர்.

ஷாஜி கதவோரத்தில் இருந்தே, "கொள்ளாம் அண்ணே, நல்லாருக்கு" என்றான். பிறகு பொறுக்கமாட்டாமல், "ஆனா திங்கக்கெழம வந்து என் ஆனையையெல்லாம் ஒறங்க வச்சிராதீங்க. கோவளத்தில எவனும் வாங்கமாட்டான்" என்றான். கமிட்டி முழுதும் சிரித்தது.

அறுப்பின் பண்டிகைக்கு ஆலயம் நிறைந்திருந்தது. வாழைக்குலை, சேனை, தேங்காய், பலாக்காய் என்று முதற்பலன்கள் பலிபீடப் படியில் குவிந்து கிடந்தன. வேல்சாமி சபையைச் சேர்ந்தவன் இல்லை. இருந்தாலும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராஜையன் எப்போதும் உட்காருகிற ஆண்கள் பக்கத்து நடுவரிசையில் இருந்தார். அங்கே இருந்து பார்த்தால் பீடம் கொஞ்சம் சாய்வாகத் தெரியும். தொங்கின காது அவர் பக்கம் இருந்தது.

போதகர் பீடத்தின்மேல் கை வைத்து, "ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடியது. ராஜையனும் மூடினார். ஜெபம் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவரால் முடியவில்லை, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஆட்டுக்குட்டியும் மூடியிருந்தது. அது அங்கேயே இருந்தது. அடுத்த ஞாயிறும் இருக்கும்.

இதைத் தாசம்மாளிடம் சொல்லவேண்டும் என்று பெண்கள் பக்கம் திரும்பினார். தூணுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அவளும் கண்ணைத் திறந்துகொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும், ஜெபத்தில் என்ன பார்வை என்கிற மாதிரி முறைத்துவிட்டு, அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஜையனும் மூடிக்கொண்டு, சபையோடு சேர்ந்து ஆமென் சொன்னார்.